அளவுக்கு ஓர் ஆள்

தாம்பரத்தில் மின்ரயில் ஏறினால் பரங்கிமலைக்குச் சுமார் இருபது நிமிடம். தை மாத விடியற்காலையில் பெட்டிக்குள் பூக்கூடைகள் ஏறிவிட்டிருந்தன. இரவு வேலை முடித்தவர்கள் சன்னல் கம்பியில் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். 1931இல் இந்தத் தடத்தில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அன்றைக்கு ஊர்களுக்கு நடுவே வெளிகள் இருந்தன. இன்று சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே ஊராகிவிட்டன. பல்லாவரம், திரிசூலம் பக்கம் வரும்போது மட்டும் கட்டடங்களுக்கு மேலே குன்றுகள் தலைகாட்டுகின்றன. கல்லுடைத்துக் கல்லுடைத்துப் பாதி உடம்பு போன குன்றுகள்.

என் மடியில் ஒரு காகித உறை இருந்தது. உள்ளே பழைய நிலக்காட்சிப் புகைப்படங்களின் பிரதிகள். சில அமெரிக்காவில் எடுக்கப்பட்டவை, சில நம் சென்னை மாகாணத்தில் எடுக்கப்பட்டவை. நூற்றைம்பது வருடத்துக்கும் மேற்பட்ட பழைய படங்கள். பரங்கிமலையில் தொடங்கி, பெரும்பாக்கம் வழியாக மாமல்லபுரம் வரை போய், இந்தத் தென்புறத்து மண்ணில் நின்று அவற்றைப் பார்ப்பதென்று புறப்பட்டிருந்தேன். படம் எடுத்தவரின் பெயர் தெரியும். எடுக்கச் சொன்னவரின் பெயர் அதைவிடப் பெரிதாகத் தெரியும். பெட்டியைத் தூக்கியவர் யார், தண்ணீர் கொண்டுவந்தவர் யார், கல்தூணின் பக்கத்தில் கையைத் தொங்கவிட்டு நிற்கிறாரே அவர் யார் என்ற கேள்விகள் என்னைச் சில காலமாக விடவில்லை.

அமெரிக்கப் படங்களிலிருந்து தொடங்குகிறேன். இந்தக் கேள்வி எனக்குள் முளைத்தது அங்கேதான்.

1861இல் புகைப்படக்காரர் கார்ல்டன் வாட்கின்ஸ் கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குப் போனார். 18 அங்குலத்துக்கு 22 அங்குலம் அளவுள்ள கண்ணாடித் தகடுகளைக் கொள்ளும் பிரம்மாண்டமான கேமரா அவரிடம் இருந்தது. அன்றைய முறையில் கண்ணாடியில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான கரைசலை ஊற்றி, வெள்ளி உப்பில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, அந்த ஈரத்திலேயே கழுவியும் ஆகவேண்டும். எல்லாம் சில நிமிட வேலை. ஆகவே படம் எடுக்கும் இடத்துக்கே இருட்டுக் கூடாரம் வரவேண்டும். ரசாயனப் புட்டிகள், கண்ணாடிகள், தண்ணீர் எல்லாம் வரவேண்டும். கோவேறு கழுதைகள் வரிசையாக மலையேறின. அப்படி வந்த படங்களில் செங்குத்துப் பாறைகளும் அருவிகளும் கண்ணாடிபோல அசையாத நீரும் இருந்தன. மனிதர் அநேகமாக இல்லை. 1864 ஜூன் 30 அன்று லிங்கன் கையெழுத்திட்ட சட்டம் அந்தப் பள்ளத்தாக்கை மக்களுக்கான பொதுவெளியாக ஒதுக்கியது. அதற்கு ஆதரவு திரட்டியதில் வாட்கின்ஸின் படங்களுக்கும் பங்குண்டு.

அந்த வெறுமை எப்படி வந்தது? பத்து வருடம் முன்பு, 1851இல், மாரிபோசா பட்டாளம் என்ற ஆயுதப்படை உள்ளே புகுந்து, அங்கே தலைமுறைகளாக வாழ்ந்த அவனீச்சி மக்களை விரட்டியது. பள்ளத்தாக்கின் புல்வெளிகள் பூங்காபோல விரிந்து கிடந்ததற்கும் அவர்களே காரணம். அடிப்புதரைக் காலமறிந்து தீயிட்டுக் காட்டைப் பேணியவர்கள் அவர்கள். வாட்கின்ஸ் நேர்மையான கலைஞர், அவர் படங்களை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிப்பதில்லை. ஆனாலும் அவர் கேமரா கண்டது ஆட்களை அப்புறப்படுத்திய பிறகான நிலம். அதை ஆதியிலிருந்தே ஆளில்லாத நிலமென்று உலகம் நம்பியது.

படமெடுத்தவர்களுக்குள்ளும் மேல் கீழ் இருந்தது. அமெரிக்க மேற்குப் பகுதியை அளக்க அரசு அனுப்பிய பெரும் பயணங்கள் கிங், வீலர், ஹேடன் என்று தலைவர்களின் பெயராலேயே அழைக்கப்பட்டன. கிளாரன்ஸ் கிங் யேல் படிப்பாளி, ஜார்ஜ் வீலர் ராணுவ அதிகாரி. அவர்களிடம் சம்பளத்துக்குப் போனவர் திமோதி ஓ'சல்லிவன். நெவாடா மணல்மேடுகளுக்கு நடுவே நான்கு கோவேறு கழுதைகள் பூட்டிய தன் இருட்டறை வண்டியை நிறுத்தி அவர் 1867இல் எடுத்த படம் ஒன்று என் உறையில் இருந்தது. இளவயதில் அவர் வேலை கற்ற இடம் மாத்யூ பிரேடியின் ஸ்டூடியோ. அங்கே யார் எடுத்தாலும் படத்தின் கீழே பிரேடியின் பெயர்தான். அலெக்சாண்டர் கார்ட்னர் 1866இல் வெளியிட்ட உள்நாட்டுப் போர்ப் படத்தொகுப்பில் எடுத்தவர் பெயரைத் தனித்தனியே அச்சிட்டார். அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை. வாட்கின்ஸுக்கே பின்னாளில் என்ன நடந்தது? 1870களின் நடுவில் கடனில் ஸ்டூடியோ கைமாறியது. அவர் எடுத்த படங்கள் ஐசையா டேபர் என்பவரின் பெயரில் விற்பனையாகின. மீதமிருந்த சேகரத்தை 1906இன் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கமும் தீயும் அழித்தன. 1916இல் நாப்பா மனநல மருத்துவமனையில் இறந்தார்.

அந்த ஏணியின் கீழ்ப்படிகளில் சமையல்காரர், கழுதையோட்டிகள், வழிகாட்டிகள் இருந்தார்கள். 1871இல் வீலரின் குழு கொலராடோ ஆற்றில் படகேறியபோது மொஹாவே மக்கள் உடன் உழைத்தார்கள். அவர்களில் ஒருவரை ஓ'சல்லிவன் படமெடுத்தார். குறிப்பில் மைமான் என்ற பெயரும், வழிகாட்டி, மொழிபெயர்ப்பாளர் என்ற வேலையும் அச்சாகியிருக்கின்றன. அபூர்வமான குறிப்பு அது. யெல்லோஸ்டோனைப் படமெடுத்துப் புகழ்பெற்ற வில்லியம் ஹென்றி ஜாக்சனின் கோவேறு கழுதைக்கு ஹைப்போ என்று பெயர். படத்தை நிலைப்படுத்தும் ரசாயனத்தின் பெயர் அது. அந்தக் கழுதையின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. இந்தியாவில் அதே வேலையைச் செய்த மனிதர்கள் அந்தளவுகூடப் பதிவாகவில்லை.

பல்லாவரம் நிலையத்தில் ரயில் நின்றபோது நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட்டை நினைத்துக்கொண்டேன். 1863 மே 30 அன்று இந்த ஊரில் சரளைக்கல் எடுக்க வெட்டியிருந்த ஒரு குழியில்தான் அவர் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் தொல்பழங்கால ஆய்வே அங்கிருந்து புறப்பட்டது. கருவியைக் கண்டது அவர் கண். அந்தக் குழியை வெட்டியது யார் கை?

பரங்கிமலையில் இறங்கி, படியேறி, மாதா கோயில் முற்றத்துக்கு வந்தேன். மலை முந்நூறு அடி உயரம்தான். ஆனாலும் இங்கிருந்து விமான ஓடுபாதையும் கிண்டியின் மரத்திட்டும் தெற்கே பள்ளிக்கரணைப் பக்கத்து மூட்டமும் ஒருசேரத் தெரிகின்றன. வில்லியம் லாம்ப்டனுக்கு இங்கே மார்பளவுச் சிலை வைத்திருக்கிறார்கள். 1802 ஏப்ரல் 10 அன்று அவர் இந்த மலையடிவாரத்துக் குதிரைப் பந்தயத் திடலில் தொடங்கி, தெற்கே பெரும்பாக்கத்துக் குன்றுவரை ஏழரை மைல் தூரத்தை அளந்தார். பிற்பாடு இமயம்வரை போன மாபெரும் முக்கோண அளவைக்கு அதுவே அடிக்கோடு.

அளந்தது 100 அடி எஃகுச் சங்கிலியால். நாற்பது கண்ணிகள். சங்கிலி தொய்ந்தால் கணக்குப் பிழைக்கும். ஆகவே மரத்தொட்டிகளை முக்காலிகள்மேல் மட்டமாக நிறுத்தி, அவற்றுக்குள் சங்கிலியைக் கிடத்தினார்கள். வெயிலில் எஃகு நீளும் என்பதால் பக்கத்தில் வெப்பமானிகள். ஒரு நூறடி முடிந்ததும் தொட்டி, முக்காலி, சங்கிலி எல்லாவற்றையும் தூக்கி அடுத்த நூறடிக்கு நகர்த்தவேண்டும். இப்படி நானூறு தடவை. கோடை வெயிலில் 57 நாள். தூக்கியவர்கள் கலாசிகள் எனப்பட்ட உதவியாட்கள். லாம்ப்டனின் அறிக்கையில் கண்ணிகளின் நீளமும் வெப்பமும் பின்னத்தோடு பதிவாகியிருக்கின்றன. அவருடைய துல்லியத்தின் முன் நான் தலைவணங்குகிறேன். அந்தத் துல்லியத்தைத் தோளில் சுமந்தவர்களுக்கு இந்த மலையில் ஒரு பலகையாவது இருக்கலாம்.

இந்த அளவையைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் நில அளவையும் புகைப்படமும் ஒரே கூடாரத்தில் பயணித்தன. நம்மிடம் அளவை அரைநூற்றாண்டு முந்திவிட்டது. வேலையின் அமைப்பு மட்டும் ஒன்றே. ஓர் அதிகாரி, அவர் கையில் விலையுயர்ந்த கருவி, அதைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஒரு கூட்டம். புகைப்படம் வந்தபோது அந்த அமைப்பு தயாராக இருந்தது. கருவி மட்டும் மாறியது.

மலையிலிருந்து இறங்கி மேடவாக்கம் வழியாகப் பேருந்தில் பெரும்பாக்கம். லாம்ப்டன் 57 நாளில் கடந்த தூரம், வண்டி நெரிசலோடு எனக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது.

பெரும்பாக்கம் ஏரிக்கரையில் அந்தக் காலை நேரத்தில் பறவைப் படம் எடுப்பவர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். முக்காலியில் நீண்ட லென்ஸ்கள், உடம்பில் காட்டுப்பச்சைச் சட்டை. தண்ணீரில் மஞ்சள் மூக்கு நாரைகள், நீலத்தாழைக்கோழிகள், தொலைவில் கூழைக்கடாக்கள். நல்ல வெளிச்சம். ஒருவர் அன்போடு தன் கேமராத் திரையைக் காட்டினார். பனிமூட்டத்தில் ஒற்றை நாரை, பின்னால் பால்நிற வெறுமை. மிக அழகான படம். தலையைத் திருப்பி அதே திசையில் கண்ணால் பார்த்தேன். அந்தப் பால்நிற வெறுமை இருந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி எட்டு மாடிக் குடியிருப்புகள் வரிசை வரிசையாக நின்றன. கூவம் கரையிலிருந்தும் நகரின் பல இடங்களிலிருந்தும் பெயர்த்துக் கொண்டுவந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரம் தன் ஏழைகளைத் தெற்கே சதுப்பின் ஓரத்துக்கு நகர்த்திக்கொண்டே வந்திருக்கிறது.

கரையோரம் ஒரு அம்மா ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தார். அந்தக் குடியிருப்பில்தான் இருப்பதாகச் சொன்னார். இங்கே தினமும் இந்தப் பறவைப் படக்காரர்கள் வருகிறார்களா என்று கேட்டேன்.

"லீவு நாள்ல நெறைய வருவாங்க சார். பெரிய பெரிய கேமரா. எங்க பக்கம் திருப்ப மாட்டாங்க. தண்ணியப் பாத்துதான் எடுப்பாங்க."

"உங்கள எடுத்திருக்காங்களா?"

"மழைல வீட்டச் சுத்தித் தண்ணி நின்னுச்சே, அப்ப டிவிக்காரங்க எடுத்தாங்க."

இரண்டே பதிலில் அவர் சொல்லிவிட்டார். அழகு வேண்டியிருக்கும்போது அவர் சட்டகத்துக்கு வெளியே. அவலம் வேண்டியிருக்கும்போது நடுவே. பக்கத்துப் பள்ளிக்கரணைச் சதுப்பு 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. சேர்ந்தே ஆகவேண்டிய இடம், அதற்காகப் பாடுபட்டவர்களில் இந்தப் பறவைக்காரர்களும் உண்டு. அதே சதுப்பின் ஓரத்தில்தான் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு இருக்கிறது, அதில் பொறுக்கிப் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். பூநாரைப் படங்களில் இவை எதுவும் வருவதில்லை. லென்ஸைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பினால் போதும். யோசெமிட்டியை வெறுமையாக்க ஒரு பட்டாளம் தேவைப்பட்டது. இங்கே நீளமான லென்ஸ் ஒன்று அதைச் செய்துவிடுகிறது. பறவையையும் அந்த மாடிகளையும் ஒரே சட்டகத்தில் வைக்கும் படம் பரிசு வாங்காமல் போகலாம். இந்த ஏரியின் உண்மைப் படம் அதுவே.

சோழிங்கநல்லூர் வந்து, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மாறி, தெற்கே போனேன். கோவளத்தில் டீ குடிக்க இறங்கியபோது கடற்கரையில் ஒரு கல்யாணப் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. இந்தச் சாலை நெடுக இப்போது இதுதான் தொழில். மணமக்கள் அலையில் கால் நனைக்க, ட்ரோன் மேலே பறக்க, ஒரு இளைஞன் இடுப்பளவு தண்ணீரில் வெள்ளி ரிஃப்ளெக்டரை இரண்டு கையாலும் பிடித்து நின்றான். ஒவ்வொரு அலைக்கும் உடம்பு ஆடியது, வெளிச்சம் ஆடவில்லை. மணமகளின் முகத்தில் விழுந்த அந்தப் பொன்னிறம் முழுக்க அவன் கையிலிருந்து போனது. இடைவேளையில் கரைக்கு வந்தவனிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"தம்பி, ஆல்பத்துல உங்க பேரு வருமா?"

"பொண்ணு மாப்ள பேரு முன்னாடி வரும் சார். கடைசிப் பக்கத்துல ஸ்டூடியோ பேரு." கொஞ்சம் யோசித்து, "நான் லைட் புடிக்கிறவன் சார்" என்றான். வேலையில் பெருமை இருந்தது அந்தக் குரலில்.

மாமல்லபுரத்தை அடைந்தபோது வெயில் ஏறிவிட்டது. ஐந்து ரதங்களின் வேலிக்கருகே ஒரு மர நிழலில் உட்கார்ந்து உறையைப் பிரித்தேன்.

இந்த ஊரைப் புகைப்படம் எடுத்த முன்னோடிகளில் ஒருவர் ஃபிரெடரிக் ஃபீபிக். 1850களின் தொடக்கத்தில் வந்திருக்கிறார். படங்களைக் காகிதத்தில் அச்சிட்டுக் கையால் வண்ணம் தீட்டினார். 1856இல் கிழக்கிந்தியக் கம்பெனி அவற்றை விலைக்கு வாங்கியது. 1860களின் கடைசியில் கேப்டன் லயன், சென்னை அரசுக்காகத் தென்னிந்தியக் கட்டடக்கலையைப் படமெடுத்தார். அந்தக் காலத்துப் படங்கள் பலவற்றில் பாறையின் பக்கத்தில் ஒரு மனிதர் நிற்கிறார், அல்லது குந்தியிருக்கிறார். வேட்டியும் தலைப்பாகையும். கோபுரம் எவ்வளவு உயரம், பாறை எவ்வளவு அகலம் என்று லண்டனில் பார்ப்பவருக்குப் புரியவேண்டுமல்லவா? அதற்காக அவர். அளவுகோலாக ஓர் ஆள்.

இதில் கேமராவின் இயல்பும் சேர்ந்துகொள்கிறது. அன்றைய படத்துக்கு வெளிச்சம் பல விநாடிகள், சில சமயம் நிமிடங்கள் விழவேண்டும். அந்த நேரத்தில் நடந்துபோனவர் படத்தில் விழமாட்டார், விழுந்தாலும் புகையாகத்தான் விழுவார். தண்ணீர் சுமந்து வந்தவர், கூடாரம் கட்டியவர், மாட்டை அவிழ்த்தவர், பயணிகளைக் கூட்டம் சேராமல் விலக்கியவர் எல்லாரும் அசைந்துகொண்டே இருந்தார்கள். ஆகவே மறைந்தார்கள். நில் என்று சொல்லப்பட்டு, மூச்சடக்கி நின்றவர் மட்டும் பதிந்தார். வேலை செய்தவர் படத்தில் இல்லை, வேலையை நிறுத்தி நிற்கவைக்கப்பட்டவர் இருக்கிறார். நம் முன்னோர் சோம்பி நிற்பவர்களாகவே அந்தப் படங்களில் தெரிவதற்கு இது ஒரு காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். வெள்ளைக்காரக் கண்ணின் ஏளனம் பாதி, வெள்ளி உப்பின் மந்தம் பாதி.

சாமுவேல் போர்ன் இதைத் தன் வாயாலேயே சொல்லியிருக்கிறார். 1863இல் இந்தியா வந்து இமயத்தில் மூன்று நெடும்பயணம் போனவர் அவர். பிறகு நீலகிரிக்கும் வந்து படமெடுத்தார். முதல் பயணத்தில் சுமார் முப்பது கூலிகள், 1866இன் கடைசிப் பயணத்தில் எண்பது பேர் அளவுக்கு. பதினெட்டாயிரம் அடிக்கு மேலே மனிரங் கணவாயில் கண்ணாடித் தகடுகளோடு ஏறினார்கள். லண்டனின் புகைப்படப் பத்திரிகையில் அவர் எழுதிய பயணக் கட்டுரைகளில், ஓடிப்போன கூலிகளைத் தேடிப்போய்த் தடியால் அடித்துத் திரும்பக் கொண்டுவந்ததை எந்தக் கூச்சமும் இல்லாமல் எழுதியிருக்கிறார். படத்துக்கு நிற்கச் சொன்னால் உள்ளூர்க்காரர்கள் கையை விறைப்பாகத் தொங்கவிட்டு, முகவாயைத் தூக்கிக்கொண்டு, கழுத்தை வெட்டக் கொடுப்பவர்போல நிற்கிறார்கள் என்றும் குறைப்பட்டுக்கொண்டார். தடியோடு இருப்பவன் அசையாமல் நில்லென்றால் மனிதன் வேறெப்படி நிற்பான்? போர்னின் இமயப் படங்கள் உலகத்தரமானவை. அவற்றின் பனிமுகடுகளுக்கு முன்னால் என்னால் இப்போது அந்தத் தடியை நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

நம் பக்கத்துக் கதையில் மையமானவர் லின்னேயஸ் டிரைப். சென்னை ராணுவத்தில் கேப்டன். 1855இல் பர்மா தூதுக்குழுவோடு போனவர், பின்னர் சென்னை அரசின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரர் ஆனார். 1857 டிசம்பரில் புறப்பட்டு, சில மாதங்களில் திருவரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். மாட்டுவண்டிகளில் கேமராவும் மெழுகு தடவிய காகிதங்களும் புட்டிகளும். ஆகாயம் வெறும் வெள்ளையாக விழுவது பிடிக்காமல் நெகட்டிவ் மேல் மேகங்களைத் தன் கையால் தீட்டுவார். அவ்வளவு பொறுமை. 1859இல் சார்லஸ் டிரெவிலியன் ஆளுநராக வந்து, இது அரசுக்குக் கட்டாத ஆடம்பரம் என்று அந்தத் துறையையே மூடவைத்தார். டிரைப் அதன்பின் பெரிதாக எதையும் எடுக்கவில்லை. கருவியை வைத்திருந்தவருக்கும் மேலே ஒரு கை இருந்தது.

டிரைப்புக்குக் கீழே? டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளி, இன்று பெரியமேட்டில் அரசு கவின்கலைக் கல்லூரியாக இருக்கிறது. 1850களிலேயே அங்கே நம் பிள்ளைகளுக்குப் புகைப்படம் கற்றுக்கொடுத்தார்கள். அங்கே படித்து, டிரைப்புக்கு உதவியாளராக இருந்தவர் சி. அய்யாசாமி. பெயர் ஆங்கில எழுத்தில் ஒரு மாதிரி வளைந்து கிடக்கிறது, ஆனாலும் கிடக்கிறது. தகட்டையும் காகிதத்தையும் கையாளக் கற்ற முதல் தமிழர்களில் ஒருவர். டிரைப்பைப் பற்றிப் பெரிய ஆய்வு நூல்கள் வந்திருக்கின்றன. 2014, 2015 ஆண்டுகளில் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் என்று அவர் படங்கள் கண்காட்சியாகச் சுற்றிவந்தன. வரவேண்டியவைதான். அய்யாசாமியின் வாழ்க்கையைத் தேடி எழுத ஒரு தமிழ் ஆய்வாளர் முன்வந்தால், அந்தப் புத்தகத்துக்காக நான் காத்திருக்கும் முதல் வாசகன்.

நிழல் நகர்ந்ததும் எழுந்து கிருஷ்ண மண்டபத்துக்கு நடந்தேன். சின்னப் பிள்ளைகள் சுற்றுலா வந்திருந்தார்கள். ஆசிரியை கோவர்த்தனத்தைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அதன் ஓரத்தில் பார்த்தேன். அடுக்குப் பானையும் சுருட்டிய பாயும் தலையில் சுமந்து நிற்கும் ஆய்ச்சி. தோளில் குழந்தையைத் தூக்கிய ஆள். மாடு கறப்பவர், நாவால் கன்றை நக்கும் பசு. பக்கத்திலேயே பெரிய பாறைச் சிற்பத்தில், பிளவின் அடியில் ஆற்றுக்கு வந்தவர்களில் ஒருவர் தோளில் குடம் சுமக்கிறார். பல்லவச் சிற்பி இவர்களைக் கடவுளின் அளவுக்குச் செதுக்கவில்லை, அங்கேயும் படிவரிசை கண்கூடு. ஆனால் சுமப்பவர் சுமந்துகொண்டே இருக்கிறார். எதற்கும் பக்கத்தில் உயரம் காட்ட நிறுத்தப்படவில்லை. தலைச்சுமையில் கழுத்து எப்படி நேராகிறது, இடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று அந்தச் சிற்பி நின்று பார்த்திருக்கிறார்.

என் உறையின் கடைசிப் படம் தஞ்சைப் பெரிய கோயில். 1808இல் லாம்ப்டனின் ஆட்கள் அரை டன் எடையுள்ள, கோணமளக்கும் தியோடலைட்டை அந்த விமானத்தில் ஏற்றும்போது கயிறறுந்து கருவி சுவரில் மோதியது. அதைப் பிரித்து ஆறு வாரம் உட்கார்ந்து சீர்செய்தது பற்றி எழுதியிருக்கிறார்கள். சரியாக ஐம்பது வருடம் கழித்து, 1858இல், டிரைப் அதே விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டை வரிசையாகப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டி, பத்தொன்பது அடிக்கும் மேலே நீளும் ஒரே சுருளாக்கினார். உலகப் புகைப்பட வரலாற்றில் அப்படி ஒன்று அதற்கு முன் அநேகமாக இல்லை. தன்னால் படிக்க முடியாத எழுத்தை, படிக்கத் தெரிந்தவருக்காகப் பொறுமையாகப் பிடித்துவைத்தார்.

அந்தக் கல்வெட்டில் ராஜராஜன் தான் கொடுத்தது, தமக்கை கொடுத்தது, தேவியர் கொடுத்தது, பிறர் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொல்லுகிறான். அரசன் முதலில், பிறர் கடைசியில். கோயிலின் திருச்சுற்று மதிலுக்குப் போனால் இன்னொரு பட்டியல் தொடங்குகிறது. பல ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைத்த, ஆடல்மகளிரான நானூறு தளிச்சேரிப் பெண்கள். ஒவ்வொருவருக்கும் பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தவர் என்ற விவரம், தெருவின் எந்தப் பக்கத்தில் எத்தனையாவது வீடு என்ற குறிப்பு, ஆளுக்கு நூறு கலம் நெல் வரும் ஒரு பங்கு. தொடர்ந்து நட்டுவனார், கொட்டிசைப்பவர், கணக்கர், குடை பிடிப்பவர், விளக்கேற்றுபவர், தண்ணீர் தெளிப்பவர், வண்ணார், நாவிதர், தையற்காரர். சிலருக்கு இரண்டு பங்கு, சிலருக்கு ஒன்று, சிலருக்கு அரை. யார் மேலே, யார் கீழே என்று நெல் கணக்கே சொல்லிவிடுகிறது. ஆனாலும் விளக்குப் பிடித்தவருக்கு அங்கே ஒரு வரி இருக்கிறது, அவருக்கு உரிய நெல்லும் இருக்கிறது. டிரைப்பின் வண்டிகள் அந்த மதிலை ஒட்டித்தான் நின்றிருக்க வேண்டும்.